மாஸ்டர் கொடுத்த ரத்தம்

எங்கள் கடையில் ஆளுக்குப் பெயர் கிடையாது, மிஷினுக்குத்தான் பெயர். துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினை ஓட்டுகிற நான் ஓவர்லாக் அக்கா. காலர் வைக்கிறவர் காலர் அண்ணன். காஜா எடுக்கிறவள் காஜாக்காரி. காவலாளிகளுக்கும் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும் சீருடை தைக்கிற கடை. மாடியில் ஒரே நீளக் கூடம், மிஷின்கள் வரிசையாக. காஜா மிஷின் மட்டும் ஜன்னலோரம் இருக்கும், அதற்கு வெளிச்சம் வேண்டும்.

பொத்தான் நுழைகிற ஓட்டைதான் காஜா. மிஷின் முதலில் இரண்டு பக்கமும் நெருக்கமாகத் தைக்கும், பிறகு நடுவில் கத்தி இறங்கி வெட்டும். மற்ற தையல் பிசகினால் பிரித்துவிடலாம். காஜா பிசகினால் துணி போனது போனதுதான். அதனால் அவள் ஒவ்வொரு தடவையும் கத்தியை இறக்கும் முன் துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாள். "எத்தனை தடவைடி பார்ப்பே, சட்டை உன்னைப் பார்த்துச் சிரிக்குது" என்று நான் கிண்டல் செய்வேன். அவள் கேட்கமாட்டாள்.

இவளைப் பற்றி எங்கள் தெருவில் ஒரு கதை ஓடுகிறது. கட்டினவனுக்குத் துரோகம் செய்தாள், ஆஸ்பத்திரியில் ரத்தம் காட்டிக்கொடுத்துவிட்டது என்று. சொல்கிறவர்களின் வாயில் தையல் போடலாம் போல இருக்கிறது எனக்கு. நடந்ததெல்லாம் கூட இருந்து பார்த்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் புருஷன் உடற்பயிற்சிக் கூடத்தில் மாஸ்டர். நெஞ்சு முதலில் உள்ளே வரும், ஆள் பின்னால் வருவார். கை ஒவ்வொன்றும் என் தொடை அளவு இருக்கும். வீட்டில் மாமியார், கல்யாணமாகாத கொழுந்தன், புருஷன் பெண்டாட்டி இவர்கள் இரண்டு பேர். மாமியார் சத்தம் போடுகிற ரகமில்லை. மெதுவாகத்தான் பேசுவார். எதிரில் இருப்பவருக்கு அது தைத்த இடம் மறுநாள்தான் தெரியும்.

கல்யாணமாகி மூன்று கர்ப்பம். மூன்றும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. முதல் தடவை மாமியார், "பரவாயில்லை, எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றார். இரண்டாம் தடவை, "என் பையன்கிட்ட குறை இருக்குன்னு யாரும் சொல்ல முடியாது" என்றார். மூன்றாம் தடவை அவள் குளியலறைக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கதவுக்கு வெளியே நின்று, "பக்கெட்டை நல்லா கழுவி வெச்சுட்டு வா, சின்னவன் குளிச்சுட்டு வேலைக்குப் போகணும்" என்றார். அவள் கழுவி வைத்தாள். இதை என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த கிளினிக். கண்ணாடிக் கதவு, மீன்தொட்டி, சுவர் முழுக்கக் குழந்தைகள் படம். மாஸ்டருக்கு வகுப்பு இருக்கிறது என்று முதல் நாள் நான்தான் துணைக்குப் போனேன். மாமியாரும் வந்தார். அங்கிருந்த டாக்டர் காகிதத்தில் வட்டம் போட்டு விளக்கினார்.

"குழந்தையில பாதி அப்பாவோடது. அம்மா உடம்புக்கு அது வெளி ஆள். உடம்புல காவல் காக்கற செல்லுங்க இருக்கும், வெளி ஆளைப் பார்த்தா அடிக்கும். கர்ப்பத்துல மட்டும் அடிக்காம விட்டுடும். உங்களுக்கு அது விடமாட்டேங்குது. டெஸ்ட்ல கொல்ற செல் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு."

"கொல்றதா?" என்றார் மாமியார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

"அந்த வகை செல்லுக்குப் பேரே அதுதான்மா. இதுக்கு ஒரு வழி இருக்கு. கணவரோட ரத்தத்துல இருந்து வெள்ளை அணுவை மட்டும் பிரிச்சு, இவங்க கையில தோலுக்கு அடியில ஊசியா போடுவோம். உடம்பு அவரைப் பழகிக்கும். அப்புறம் குழந்தை வந்தா அடையாளம் தெரிஞ்சுக்கும்."

நாங்கள் தைத்துக்கொடுக்கிற காவலாளிகளை எனக்குத் தெரியும். புதிதாக வருகிறவனை வாசலில் நிறுத்துவார்கள், நாலு நாள் பார்த்தால் சலாம் போடுவார்கள். எனக்கு அது புரிந்தது. மாமியாருக்குப் புரிந்தது வேறு. அன்று மாலையே சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போய்விட்டது. "இவ வயித்துல கொலைகாரப் பட்டாளமே இருக்காம், என் பேரப்பிள்ளைங்களை இவளே தின்னிருக்கா." அதற்கப்புறம் அந்த வீட்டில் அவளுக்கு வேறு பெயரே இல்லை. தண்ணீர் கேட்பதற்குக்கூட, "கொலைகாரி, ஒரு டம்ளர் தண்ணி குடு" என்பார். கேட்டால் சும்மா விளையாட்டுக்கு என்பார். மாஸ்டர் சிரிப்பார்.

ஊசி மூன்று தடவை, மாதத்துக்கு ஒன்று. காலையில் புருஷன் போய் ரத்தம் கொடுக்க வேண்டும். அவர்கள் அதைப் பிரித்துத் தயார் செய்து வைப்பார்கள். மதியம் பெண்டாட்டி போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ரத்தம் எடுக்கிற இடத்தில் பெயரைச் சொன்னால் போதும், உள்ளே கூப்பிட்டு எடுத்துவிடுவார்கள். புருஷனுடைய ரத்த வகை என்ன என்று யாரும் புதிதாகப் பார்க்கவில்லை. மாஸ்டரிடம் பழைய அட்டை இருந்தது, நெகடிவ் என்று. அவளுக்கும் நெகடிவ்தான். நெகடிவ் ரத்தக்காரிக்குப் பாசிட்டிவ் புருஷன் வாய்த்தால் பிள்ளைப்பேற்றில் சிக்கல் வரும் என்பார்கள். இவர்களுக்கு அந்தத் தொல்லையும் இல்லை என்று கல்யாணத்தின்போதே எல்லோருக்கும் சந்தோஷம்.

இரண்டு முன்கையிலும் நாலைந்து இடத்தில் குத்துவார்கள். குத்தின இடமெல்லாம் தடித்துச் சிவந்து, அரிப்பு உயிரை எடுக்கும். அவள் ஈரத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு காஜா எடுப்பாள். துணி காய்ந்ததும் நான் நனைத்துக் கொடுப்பேன்.

"வீட்ல போய்ப் படுடி."

"வீட்ல அவர் படுத்திருக்காருக்கா. ரத்தம் குடுத்துட்டு வந்திருக்கார்ல. அத்தை ஜூஸ் போட்டுக் குடுத்துட்டிருக்காங்க. நான் போனா அவர் காலை அமுக்கி விடணும்." பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள். "அவரைப் பார்த்து சின்னவருக்கும் சோர்வு வந்துடுச்சு போல. இந்த வெயில்ல முழுக்கை சட்டையைப் போட்டுக்கிட்டு அவரும் லீவு போட்டுப் படுத்திருக்கார்."

நானும் சிரித்தேன். அந்த நேரத்தில் அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

நாலாவது கர்ப்பம் நின்றது. மூன்றாம் மாதம் முடிந்தும் நின்றது. மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. "என் பிள்ளை ரத்தம் உள்ள போய் அந்தப் பட்டாளத்தை அடக்கிடுச்சு" என்று மாடிப்படியில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். காஜாக்காரிக்கு வீட்டில் முதல் தடவையாக நாற்காலி கிடைத்தது. உட்கார்ந்து சாப்பிட்டாள். "நல்லா இருக்குக்கா, உட்கார்ந்து சாப்பிட்டா சாப்பாடு வேற மாதிரி இருக்கு" என்றாள். அந்த நாற்காலி ரொம்ப நாள் நிலைக்கவில்லை.

பிரசவத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் பதியப் போனோம். அங்கே ரத்தத்தை மறுபடியும் சோதித்தார்கள். ஒரு வாரம் கழித்து அவளைக் கூப்பிட்டனுப்பினார்கள். அந்த டாக்டரம்மா கொஞ்சம் வயதானவர், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிறவர். என்னை வெளியே போகச் சொன்னார். இவள் என் கையை விடவில்லை.

"உங்க ரத்தத்துல பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிரா ஒரு பொருள் உருவாகியிருக்கு. இது தானா உருவாகாது. பாசிட்டிவ் ரத்தம் எப்பவாவது உங்க உடம்புக்குள்ள போயிருக்கணும். எப்பவாவது ரத்தம் ஏத்தினாங்களா?"

"இல்ல டாக்டர்."

"கையில ஊசி போட்டாங்கன்னு சொன்னீங்களே, அது யாரோட ரத்தத்துல இருந்து எடுத்தது?"

"அவரோடதுதான். அவரும் நெகடிவ்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அப்படின்னா இன்னொரு வழிதான் மிச்சம். பாசிட்டிவ் ரத்தக் குழந்தை ஒண்ணு உங்க வயித்துல இருந்திருக்கணும். ரெண்டு பேருமே நெகடிவா இருந்தா குழந்தை பாசிட்டிவா இருக்காது. நான் குத்தம் சொல்லலம்மா. இந்தக் குழந்தைக்கு ஆபத்து இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். குழந்தை நெகடிவா இருந்தா ஒண்ணும் ஆகாது. பாசிட்டிவா இருந்தா உங்க ரத்தமே அதோட ரத்தத்தை அழிச்சிடும். மறைக்காம சொல்லுங்க."

அவளுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்தபோது முகம் வெளுத்தது. "இவரைத் தவிர யாரும் இல்ல டாக்டர்" என்றாள். அதற்குள் மறைப்புத் திரைக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. மாமியார் எப்போது உள்ளே வந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

டாக்டரம்மா மாமியாரை வெளியே அனுப்பிவிட்டு, அங்கே காத்திருந்த மாஸ்டரைக் கூப்பிட்டார். நெஞ்சு வந்தது, பின்னால் அவர் வந்தார்.

"அந்த ஊசிக்கு ரத்தம் குடுத்தது நீங்கதானே?"

"நான்தான்" என்றார்.

"மூணு தடவையும்?"

"மூணு தடவையும் நான்தான்."

"உங்க ரத்தத்தை இன்னொரு தடவை பார்த்துடலாமா? ஒரு சின்ன ஊசிதான்."

"எதுக்கு டாக்டர், அட்டைதான் இருக்கே" என்று பர்ஸிலிருந்து எடுத்து நீட்டினார். நெற்றியில் வியர்த்திருந்தது. பெண்டாட்டியைப் பற்றி இப்படி ஒரு பேச்சு வந்தால் எந்த ஆம்பிளைக்குத்தான் வியர்க்காது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

புறப்படும்போது அவள் வாசலில் நின்று திரும்பிக் கேட்டாள். "டாக்டர், என் வயித்துல கொல்ற செல் ஜாஸ்தின்னு சொன்னாங்க. அது இன்னும் இருக்கா?"

டாக்டரம்மாவுக்கு எரிச்சல் வந்தது. அவள் மேல் இல்லை. "பேரைப் பார்த்துப் பயப்படாதீங்க. அது எல்லாப் பொம்பளைங்க கர்ப்பப்பையிலயும் இருக்கு. முதல் மூணு மாசம் கூட்டமா வந்து நிக்கும். குழந்தையைக் கொல்ல வர்றதில்ல. அம்மாவோட ரத்தக் குழாயைத் தளர்த்தி, அகலமாக்கி, குழந்தைக்கு ரத்தம் போக வழி பண்றதுல அதுக்குப் பெரிய பங்கு இருக்கு. அது தன் வேலையைச் சரியா செய்யலைன்னாத்தான் சிக்கலே. உங்களுக்கு மூணு தடவை ஏன் கலைஞ்சுதுன்னு எனக்குத் தெரியாது, தெரியும்னு சொன்னா பொய். அந்த ஊசியால நன்மைன்னு யாரும் தெளிவா நிரூபிக்கல. பல இடத்துல நிறுத்திட்டாங்க."

படியிறங்கும்போது அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். "பாவம்கா" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று கேட்டேன். "அந்த செல்லுங்களைத்தான். நானும் அத்தை கூடச் சேர்ந்துக்கிட்டு அதுங்களைத் திட்டிட்டிருந்தேன்." வழியெல்லாம் மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. மெதுவாகப் பேசுகிற அந்த வாய் மூடிக்கொண்டால் இன்னும் பயம்.

வீட்டுக்குப் போனதும் நாற்காலி போயிற்று. மாஸ்டர் கூடத்துச் சோபாவுக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார். மாமியார் தீர்ப்புச் சொன்னார்.

"பொறக்கட்டும். குழந்தையோட ரத்தத்தைப் பார்ப்போம். நெகடிவா இருந்தா எங்க வீட்டுக் குழந்தை, நாங்க வளர்த்துக்கறோம். பாசிட்டிவா இருந்தா ரெண்டு பேரும் இந்தப் படியில கால் வைக்கக்கூடாது. முன்னாடி எவன்கிட்டப் போனே வந்தேன்னு நான் கேக்கப்போறதில்ல. அது உனக்கும் உன் மனசாட்சிக்கும்."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா சொல்றது சரிதானே" என்றார்.

அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. மாதா மாதம் ஆஸ்பத்திரியில் அவள் ரத்தத்தை எடுத்தார்கள், அந்தப் பொருள் ஏறுகிறதா என்று பார்க்க. ஏறவில்லை. நல்ல அறிகுறி என்றார் டாக்டரம்மா. வீட்டில் அதைச் சொன்னால், "இந்தக் குழந்தைக்கு நல்ல அறிகுறி. இதுக்கு முன்னாடி சுமந்ததுக்கு?" என்றார் மாமியார். எதிர்வீட்டுக்காரி மாடிப்படியில் இவளைக் கண்டால் தன் புருஷனை உள்ளே கூப்பிட ஆரம்பித்தாள். கடையில்கூடக் காலர் அண்ணன் ஒருநாள் ஏதோ சொல்லிச் சிரித்தார். அவர் மேஜையில் இருந்த கத்தரிக்கோலை எடுத்து நான் ஓங்கி வைத்த வைப்பில் அந்தச் சிரிப்பு நின்றது.

எல்லாவற்றையும்விடக் கொடுமை ஒன்று உண்டு. ஒரு மதியம் மிஷினை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டாள்.

"அக்கா, எனக்கே தெரியாம ஏதாவது நடந்திருக்குமா?"

"என்னடி உளர்றே?"

"டெஸ்ட் பொய் சொல்லாதுங்கறாங்க. நான் பொய் சொல்லல. அப்போ ரெண்டும் உண்மையா இருக்கணும்னா, தூக்கத்துல, மயக்கத்துல ஏதாவது. ரெண்டாவது தடவை கலைஞ்சப்போ மயக்க ஊசி போட்டாங்க, அங்க ஒரு ஆம்பிளை இருந்தான்." அவள் ஒவ்வொரு நாளையும் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள், எங்கே பிசகு என்று. தன் உடம்பின் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவனுடைய ஒரு சொல் போதும் அவளை அதிலிருந்து மீட்க. அவன் அந்த நேரம் கண்ணாடி முன்னால் நின்று கையை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பான்.

அவனை இனி அவர் என்று எழுத எனக்கு மனமில்லை.

பிரசவம் ஒரு பிற்பகலில். பெண் குழந்தை, சுகமாகப் பிறந்தது. ஆனால் தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. நர்ஸ் ஓடிவந்தார். பின்னாலேயே ரத்த வங்கிக்காரர் வந்தார், ரத்தம் எடுக்கும்போது கட்டுகிற ரப்பர் பட்டையோடு.

"நெகடிவ் ரத்தம் ஒரு பைதான் இருக்கு. வேற இடத்துல கேட்டிருக்கோம், வர நேரமாகும். வீட்டுக்காரர் அதே வகைதானே? சார், வாங்க, உடனே எடுத்துக்கலாம்."

மாஸ்டர் அந்த ரப்பர் பட்டையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் உதடு சுண்ணாம்பு நிறத்துக்குப் போனது. "வண்டியைத் தப்பான இடத்துல நிறுத்திட்டேன், எடுத்து வெச்சுட்டு வந்துடறேன்" என்றான். அந்தப் பெரிய உடம்பு அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. போனவன் போனவன்தான்.

ரத்த வங்கிக்காரர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். மாமியார் தன் மெதுவான குரலில் அவரைச் சமாதானப்படுத்தினார்.

"அவனுக்கு ஊசின்னா சின்ன வயசுல இருந்தே ஆகாது தம்பி, மயங்கி விழுந்துடுவான். இருங்க, சின்னவன் கேன்டீன்ல இருக்கான், கூப்பிடறேன். அன்னைக்குக் கிளினிக்லயும் இவனைத்தான் அனுப்பி வெச்சோம். ரெண்டு பேரும் என் வயித்துல பொறந்தவங்கதானே. எந்தப் பிள்ளை ரத்தமா இருந்தா என்ன, ஒரே ரத்தம்தான்."

"எந்தக் கிளினிக்மா?" என்று கேட்டேன்.

"அதான், கையில ஊசி போட்டாங்களே இவளுக்கு. மூணு தடவையும் சின்னவன்தான் போய்ப் பெரியவன் பேரைச் சொல்லிக் குடுத்துட்டு வந்தான். இவகிட்ட சொல்லலை. புருஷன் ஊசிக்குப் பயப்படறவன்னு தெரிஞ்சா மதிப்பாளா?"

சின்னவர் வந்தார். பாவம், சட்டைக் கையை அவரே மடித்துக்கொண்டு நீட்டினார். வீட்டில் அண்ணி மேல் ஏதோ பழி என்பதுவரைதான் அவருக்குத் தெரியும், ரத்த வகைப் பேச்சு அவர் காதுக்குப் போகவே இல்லை. விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்த ரத்த வங்கிக்காரர் தலையை நிமிர்த்தினார்.

"இவர் பாசிட்டிவ்மா. இந்த ரத்தத்தை அவங்களுக்கு ஏத்தினா உயிரே போயிடும்."

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். கையுறையெல்லாம் ரத்தம். நான் அவரிடம் சொன்னேன். மூன்று தடவையும் ஊசிக்குக் கொடுத்தது இவர்தான் என்று சொன்னேன். டாக்டரம்மா சுவரில் சாய்ந்து நின்றார். "வெள்ளை அணுவைப் பிரிக்கறப்போ சிவப்பும் கொஞ்சம் கலந்து போயிடும். அது போதும்" என்றார். பிறகு மாமியாரைப் பார்த்து, "அன்னைக்கு நான் கேட்டேனே, உங்க பையன் என்கிட்ட மூணு தடவையும் நான்தான்னு சொன்னாரே" என்றார்.

மாமியார் முகத்தில் ஈயாடவில்லை. அவருக்கு அன்றுவரை ஊசியும் பழியும் ஒன்றோடொன்று சேர்ந்தது என்று தெரியாது. அது உண்மை, நான் அவருக்காக வக்காலத்து வாங்கவில்லை. தெரிந்தவன் ஒருவன்தான். டாக்டரம்மா கேள்வி கேட்ட அந்த நிமிஷமே அவனுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துதான் வியர்த்திருக்கிறான். தெரிந்துதான் அத்தனை மாதமும் சோபாவில் படுத்து டிவி பார்த்திருக்கிறான்.

ஊரின் மறுகோடியிலிருந்து இரண்டு பை ரத்தம் வந்து சேர்ந்தது. யாரோ முகம் தெரியாத இரண்டு பேர் கொடுத்தது. அதில்தான் அவள் பிழைத்தாள்.

கண் திறந்து கொஞ்சம் தெளிந்ததும் நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று பலர் கேட்டார்கள். அவள் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு கிடந்ததை அவர்கள் பார்க்கவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அவருக்குத் தெரியுமா அக்கா?"

"அவனுக்குத்தான்டி முதல்ல தெரியும்."

அவள் குழந்தையின் கையைப் பிரித்து விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "அப்போ நான் எங்கயும் தப்பு பண்ணல" என்றாள். அது கேள்வியா என்று எனக்குத் தெரியவில்லை. இல்லை என்று பதில் சொல்லி வைத்தேன்.

குழந்தையின் ரத்தம் நெகடிவ். மாமியார் குடும்பம் இரண்டு நாளில் தேறிக்கொண்டது. அவர்கள் வீட்டில் வெட்கம் அவ்வளவுதான் தங்கும். வீட்டுக்கு வந்த மறுவாரம் குழந்தையைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் கூடினார்கள். நானும் போயிருந்தேன். எல்லோருக்கும் டீ. மாமியார் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஊசிக் கதையைச் சொன்னார், நகைச்சுவையாக. பெரியவன் ரப்பர் பட்டையைக் கண்டு ஓடியதை அவர் நடித்துக்காட்டியபோது ஒரு மாமா டீ புரையேறச் சிரித்தார். மாஸ்டரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். துரோகி என்று அவளை ஐந்து மாதம் வைத்திருந்த இடம் அந்தக் கதையில் வரவே இல்லை.

"அன்னைக்கு டாக்டர் கேட்டப்போ ஏங்க சொல்லல?" என்று அவள் கட்டிலிலிருந்து கேட்டாள்.

"அதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுடுச்சே" என்றான் மாஸ்டர். "இப்போ எதுக்கு அது?"

மாமியார் உடனே புகுந்து பூசி மெழுகினார். "பழசையெல்லாம் விடும்மா. அடுத்ததைச் சீக்கிரம் பெத்துக்கோ, ஒரு பையனா. டாக்டரே சொல்லிட்டாங்க, பாசிட்டிவ் ஆளோட குழந்தைன்னா இனிமே உன் ரத்தமே அதை அழிச்சிடுமாம். என் பையன் குழந்தைக்கு மட்டும்தான் ஒண்ணும் ஆகாது. நீ நெனச்சாலும் வேற எங்கயும் போக முடியாது." இதைச் சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்துச் சிரித்தார்.

காஜாக்காரி எழுந்து வந்து குழந்தையை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"உங்க பையன் குத்தற வேலைக்கெல்லாம் தம்பியைத்தானே அனுப்புவார் அத்தே. அடுத்த குழந்தைக்கு மட்டும் அவரே வந்துடுவாரா?"

புரையேறச் சிரித்த மாமா டீ டம்ளரைக் கீழே வைத்தார். சின்னவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவருக்கு அது தேவையில்லாத அடி, ஆனால் அன்று அவள் ஆள் பார்த்து அடிக்கிற நிலையில் இல்லை. ஒரு பையில் குழந்தையின் துணிகளை அடைத்துக்கொண்டு என்னோடு வந்துவிட்டாள்.

கடைக்குப் பின்னால் துணி மூட்டை போடுகிற அறை ஒன்று இருக்கிறது. முதலாளி அதை ஒழித்துக் கொடுத்தார். குழந்தை காஜா மிஷினுக்குப் பக்கத்தில் நூல்கண்டு வந்த அட்டைப்பெட்டியில் தூங்கும். மிஷின் நின்றால்தான் விழித்துக்கொள்ளும்.

மாஸ்டர் வந்தான், வந்துகொண்டே இருந்தான். கீழே தெருவில் நின்று ஜன்னலைப் பார்ப்பான். ஒருநாள் அவள் இறங்கிப் போய்ப் பேசினாள். நான் படியில் நின்றேன்.

"மன்னிப்பெல்லாம் வேண்டாங்க. யாரோ ரெண்டு பேர் எனக்கு ரத்தம் குடுத்திருக்காங்க. அதுக்குப் பதிலா நீங்க ஒரே ஒரு பை குடுத்துட்டு வாங்க. உங்க கையால, உங்க பேர்ல. வந்தீங்கன்னா குழந்தையைத் தூக்கிக்கிட்டு அன்னைக்கே வீட்டுக்கு வர்றேன். உங்க அம்மா என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

"சத்தியமா?" என்றான் அவன்.

"சத்தியமா."

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு மலிவாகவா விட்டுக்கொடுப்பாய் என்று திட்டினேன். "அவருக்கு அது மலிவு இல்லக்கா" என்றாள். "பயந்துக்கிட்டே போய்க் குடுத்தார்னா, எனக்காக ஒரு தடவை பயந்தார்னு இருக்கும். அது எனக்குப் போதும்." அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவளுக்கு அவன் மேல் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று.

ஒரு வாரம் அவனைக் காணவில்லை. பிறகு ஒரு காலை வந்தான், கடைக்குள்ளேயே வந்தான். அரைக்கைச் சட்டை. வலது முழங்கை மடிப்பில் பஞ்சு, அதன் மேல் குறுக்காக வெள்ளை பிளாஸ்டர். கையை மடக்காமல் நீட்டியே வைத்திருந்தான்.

"குடுத்துட்டேன்" என்றான். "ஒரு பை. ஒண்ணுமே தெரியல, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு."

மிஷின்கள் எல்லாம் நின்றன. குழந்தை விழித்துக்கொண்டது. காஜாக்காரியின் முகத்தை நான் பார்த்தேன். கல்யாணமான புதிதில் அவளுக்கு அந்த முகம் இருந்தது. எழுந்து தலையைக்கூடச் சரிசெய்துகொண்டாள். அட்டைப்பெட்டியிலிருந்து குழந்தையைத் தூக்கினாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அவன் பக்கத்தில் போய் நின்று, "வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"இங்க வாங்க, வெளிச்சத்துக்கு."

அவன் கையைப் பிடித்து ஜன்னலோரம் இழுத்தாள். அவன் என்னமோ சொன்னான், டாக்டர் பிரிக்கக்கூடாது என்றார் என்று. அவள் பிளாஸ்டரின் ஒரு முனையை நகத்தால் தூக்கினாள். மெதுவாக, முடி இழுபடாமல், நல்ல துணியிலிருந்து நூல் பிரிக்கிற மாதிரி பிரித்தாள். பஞ்சு வெள்ளையாக இருந்தது. அதற்குக் கீழே தோல், வெயிலில், வழுவழுவென்று இருந்தது. ஓட்டையே இல்லை.

அவள் கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்தாள். பிறகு பஞ்சை எடுத்த இடத்திலேயே வைத்து, பிளாஸ்டரை ஒட்டி, கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்திவிட்டாள்.

"பத்திரமா வீட்டுக்குப் போங்க" என்றாள். குழந்தையைப் பெட்டியில் படுக்கவைத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்து கத்தியை இறக்கினாள்.